நாற்காலியிலிருந்து மஞ்சள் கோடு வரை

காலை பத்தே கால். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் ஐந்து பேர். ஐந்தாவதாகச் சுவரோரம், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்தவள் நாகரத்தினம். எழுபது வயது, பெண்கள் கல்லூரி ஒன்றில் சமூகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். மகன் செழியன் போன் பேச வராந்தாவுக்குப் போயிருந்தான். மணி அடித்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் எழுந்தான், அதை அவள் பார்த்தாள். ஆபீஸ் விஷயம் என்றால் இங்கேயே பேசலாம், யார் தடுத்தது. பூனாவிலிருந்து வந்த நாளாக எல்லாப் போனையும் வெளியே போய்த்தான் பேசுகிறான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. சிரிக்கிறான். யாரோ சொன்னதற்குத் தலையை ஆட்டுகிறான். அவன் அப்பாவும் இப்படித்தான், வேண்டிய காரியம் முடிகிற மாதிரி இருந்தால் தலை முதலில் ஆடும். நேற்று புது ஷூ வாங்கி வந்தான், ஒட்டுப் பட்டை வைத்தது. கால் அளவு கேட்கவில்லை, ஆனால் கச்சிதமாக இருந்தது. அப்படியானால் அவள் தூங்கும்போது செருப்பை எடுத்து அளந்திருக்கிறான். அம்மாவின் கால் அளவை ரகசியமாக எடுக்கிற பிள்ளை வேறு எதையெல்லாம் எடுத்திருப்பான்? மாடிப்படியில் நின்று அகலம் பார்த்தானே, கையை விரித்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும். பக்கத்துக் காலி மனையை வாங்கின ஆள் கேட்டோரம் நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தான். என்னப்பா என்றால், ஒண்ணுமில்லைங்கம்மா, சும்மா. சும்மா நின்று பேசுகிற ஆளா அவன், வேலை வெட்டி இல்லாதவனா. ஷூவின் அடிப்பாகம் வழுவழுவென்று இருக்கிறதோ என்று காலை மெல்லத் தரையில் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்றைக்கு நடந்து காட்ட வேண்டும். காட்டினால் வீடு இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். அவளுக்கு விளங்கியவரை விஷயம் அவ்வளவுதான். மார்ச் மாதம் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆணி வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று செழியன் டாக்டரிடம் கேட்டதை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அம்மா இனித் தனியா இருக்கலாமுங்களான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லீருங்க டாக்டர்." பிறகு அவளிடம், "ரிசல்ட் தெரியட்டுங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றான். எதை? யாரோடு? பேசுவதற்கு இருக்கிறது என்றால் முடிவு ஏற்கெனவே இருக்கிறது, காரணம்தான் தேவைப்படுகிறது. இத்தனை வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவளுக்கு இது கூடவா தெரியாது. ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். தன் மாணவிகள் செய்தபோது பிடித்து வெளியே அனுப்பிய அதே காரியம். கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கினாள். இந்த அறையைக் கூட்டித் துடைக்கிற பழனாத்தாளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் எல்லாம் வந்துவிட்டது: கை வைத்த நாற்காலி ஒன்று, மூன்று மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு, எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார வேண்டும், பிசியோதெரபி பொண்ணு கடிகாரம் பிடிக்கும். கையை ஊன்றி எழுந்தால் குறிப்பாள். திரும்பும்போது தள்ளாடினால் குறிப்பாள். அவ்வளவுதானுங்க டீச்சரம்மா, இதுக்குப் போயி ஏனுங்க பயப்படறீங்க. அவள் பயப்படவில்லை. படித்தாள். மாடி ஹாலில் சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு, கோலமாவில் ஒரு கோடு இழுத்து, காலையில் வேலைக்காரி வருவதற்கு முன்னால் நடப்பாள், முடிந்ததும் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிடுவாள். முதல் வாரம் நாற்காலியை விட்டு எழுவதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது வருவதில்லை. இப்போது கையை மார்பில் கட்டிக்கொண்டே எழ முடியும்.

மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்க மெழுகு காய்கிற வாசனை. திரைக்கு உள்ளே யாரோ ஒரு ஆள் ஒன்று, இரண்டு என்று முனகிக்கொண்டே எண்ணினார், நான்குக்குப் பிறகு சத்தம் நின்றுபோனது. போன தடவை அந்தப் பெண் பெனாசிர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "மொபிலிட்டி நல்லா வந்துருக்குங்க ஆன்ட்டி" என்றாள். அதைக் கேட்டதும் யாரோ தன் பொருளை எடுத்துப் புழங்குகிற மாதிரி இருந்தது. அது அவளுடைய சொல். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் ஏணி போட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம். சோஷியல் மொபிலிட்டியைச் சமூக நகர்வு என்று தமிழில் எழுதி அடிக்கோடு போடுவாள். ஏணியின் அடியில் ஒரு பொம்மை, உச்சியில் ஒரு பொம்மை, நடுவில் அம்புக்குறி. மேல்முகம், இறங்குமுகம், பக்கவாட்டு. ஒரு கணக்குப்பிள்ளை மளிகைக் கடையை விட்டு ஜவுளிக் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனால் பக்கவாட்டு. அவன் மகள் கலெக்டரானால் மேல்முகம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் ஒருநாள் கேட்டாள், மேடம், மேல ஏறுனவங்களை யாராச்சும் இறக்கி விட்டா அது என்ன நகர்வுங்க. சிரித்தார்கள். அதற்குப் பாடத்தில் இடமில்லை என்றாள், பாடத்தில் ஆட்கள் தாமாகவே ஏறுகிறார்கள், தாமாகவே இறங்குகிறார்கள். அவள் தானே ஏறினாள், அது உண்மை. சிங்காநல்லூரில் மில் லைன் வீடு, ஒரே அறை, அதிலேயே அடுப்பு; ஸ்பின்னிங்கில் வேலை முடிந்து வருகிற அப்பாவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், சங்கு ஊதினால் லைன் முழுக்கக் கதவு திறக்கும். மேலே என்று ஒன்று அந்த லைனில் கிடையாது, ஓட்டுக்கு மேலே வானம்தான். அதனால்தான் பக்கத்திலேயே ராமநாதபுரத்தில் மனை வாங்கி வீடு கட்டுகையில், எதுக்குங்க மாடி, ரெண்டு பேருக்கு, என்று மேஸ்திரி கேட்டபோதும், வேணும் என்றாள். வகுப்பில் ஏணி போடுகிறவள் வீட்டில் படிக்கட்டு கேட்கத்தானே செய்வாள் என்று கணவர் வரதராசன் பின்னால் ஒரு தடவை கிண்டல் செய்தார். அந்தப் படியில்தான் விழுந்தாள். விழுந்தது படியின் குற்றமா என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் படியைத்தான் பார்த்தார்கள்.

வரதராசனுக்கு மொபிலிட்டி வேறு. வேதியியல் துறை. அவருக்கு அயனிகள்தான் நகரும், மின்சாரம் பாய்ச்சினால், கரைசலுக்குள், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. சாப்பிடும்போது கூடச் சொல்லுவார். லித்தியம்தான் சின்னது, ஆனா அதுதான் மெதுவாப் போகும், பொட்டாசியம் பெரிசு, அது வேகமாப் போகும். ஏன் சொல்லு. அவள் சொல்லமாட்டாள், அவரே சொல்லட்டும் என்று ரசத்தை ஊற்றுவாள். சின்னது சும்மா போகாதும்மா, சுத்தித் தண்ணியைச் சேத்துக் கட்டி இழுத்துட்டுப் போகும். அப்போது அவள் இரண்டு தம்பிகளின் படிப்பையும் அம்மாவின் ஆஸ்துமாவையும் நினைத்துக்கொண்டாள். அவர் போய் ஆறு வருஷம். பல் டாக்டருக்கு இன்னொரு மாதிரி. கீழ்ப்பல்லை இரண்டு கருவிக்கு நடுவே பிடித்து ஆட்டிவிட்டு உதவிக்காரப் பெண்ணிடம், மொபிலிட்டி கிரேடு டூ, எழுதிக்கோ என்றார். அப்படின்னா நல்லதுங்களா டாக்டர் என்று கேட்டதற்குச் சிரித்தார். பல்லுக்கு அசையாம இருக்கறதுதாங்க நல்லது, அசைஞ்சா எடுத்துற வேண்டியதுதான். அடுத்த வாரம் எடுத்தார். செழியனுக்கு அதுதான் பிழைப்பு, நகரப் போக்குவரத்துத் திட்டம், எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் எந்தத் தெருவுக்குப் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள், எதில் போகிறார்கள். கிளம்புகிற இடமும் போய்ச் சேருகிற இடமும் தெரிந்தால் போதும் என்பான், நடுவில் அந்த ஆள் என்ன நினைத்தான் என்பது அவன் கணக்கில் வராது. வந்த அன்றே கேட்டான், அம்மா, வாரத்துல எத்தன தரம் வெளிய போறீங்க, மாடிக்கு ஒரு நாளைக்கு எத்தன தரம். சர்வே எடுக்கிறவன் கேட்பது போல, முகத்தைப் பார்க்காமல். எங்கேயும் போகலை, இங்கதான் இருக்கேன் என்றாள். அதையும் மனசில் எழுதிக்கொண்டிருப்பான். கிளம்புகிற இடம் ராமநாதபுரம். போய்ச் சேருகிற இடம்? அதைத்தான் அவன் சொல்லமாட்டேன் என்கிறான். பூனாவில் பதினோராவது மாடி. அங்கே லிஃப்ட் உண்டு, ஜன்னலுக்கு வலை உண்டு, மருமகளுக்கு மராத்தி மட்டும்தான் சரளம். அங்கேதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கையில் இருந்த சாத்துக்குடியை உரித்துத் தன் மாமனாரின் வாயில் ஒரு சுளையை வைத்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு, நாற்பத்தைந்து வயதிருக்கும், பேர் தெய்வானை என்று சீட்டு கொடுக்கும்போது சொன்னது காதில் விழுந்திருந்தது. பெரியவர் சற்று முன்னால் கழிப்பறைக்குப் போய் வந்திருந்தார், சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு, இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டு. அந்தக் கால் எழுப்பிய சரக் சரக் இன்னும் நாகரத்தினத்தின் காதில் இருந்தது.

"உங்களுக்கும் நடக்கற டெஸ்ட்டுங்களா?" என்றாள் தெய்வானை.

"ஆமாங்க."

"இவிங்களுக்கு ரெண்டாவது தடவைங்க. போன மாசம் வந்து எந்திரிக்கவே முடியாமப் போச்சு. டைம் அதிகமாயிருச்சுன்னு எழுதிப்போட்டாங்க."

"எழுதினா என்னங்க? வயசானா அப்படித்தான்."

"அதில்லைங்க." தெய்வானை குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாலும் பெஞ்சு முழுக்கக் கேட்டது. "தொண்டாமுத்தூர் போற வழியில மலையடிவாரத்துல பெரியவங்களுக்குன்னு வீடு கட்டிருக்காங்களே, சாப்பாடு, டாக்டரு, கோயலு எல்லாம் உள்ளயே. அதுல சேத்தலாம்னு இவிங்க மூத்த பையன் அமெரிக்காவுலருந்து ஏற்பாடு பண்ணுனாப்ல. இங்க நடந்து காட்டுனாத்தான் அவத்த, அந்த வீட்டுல, சேத்திக்குவாங்களாம். தானா எந்திரிச்சு, தானா நடந்து, தானாக் குளிக்கறவிங்களுக்கு மட்டுந்தானாம். முடியாதவிங்களை எடுத்துக்க மாட்டாங்களாமுங்க."

"முடியாதவங்களுக்குத்தானே அந்த மாதிரி இடம்?"

"நாங்களும் அப்பிடித்தான் நினைச்சோமுங்க. மாமா, வாயத் தொடைங்க. அது ஆஸ்பத்திரி இல்லையாமா. முடிஞ்சவிங்க போயி இருக்கற இடமாமா."

பெரியவர் சுளையை மென்றுகொண்டே, "நானென்னத்துக்கு நடக்கோணும்" என்றார் யாரையும் பார்க்காமல். "நடந்தா வீட்ட விட்டுத் தாட்டியுட்டுருவீங்க."

"பேசற பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சலில்லை" என்றாள் தெய்வானை. பிறகு நாகரத்தினத்தின் பக்கம் திரும்பி, "உங்க பையனும் அங்கதானுங்களே ஏற்பாடு பண்ணிட்டு இருக்காப்ல? மாமாவைக் கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போறப்ப வராந்தாவுல பேசறதைக் கேட்டேனுங்க. மலை தெரியற பக்கம் வேணும்னு கேட்டுட்டு இருந்தாப்ல. நல்ல பையனுங்க."

நாகரத்தினம் தலையை ஆட்டினாள். ஆமாங்க, நல்ல பையன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மலை தெரிகிற பக்கம். அப்படியானால் பூனா இல்லை, பதினோராவது மாடி இல்லை, வலை போட்ட ஜன்னல் இல்லை. அவள் இத்தனை நாளாகத் தப்பான ஊரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஷூ அதற்காகத்தான், வழுக்காமல் இருக்க. வாட்ஸப்பில் அவன் தினமும் அனுப்பிய உடற்பயிற்சிப் படங்கள், அம்மா இன்னைக்குப் பண்ணீங்களா, நல்லா நடந்துரோணும்மா என்று அவன் சொன்னதை, தோற்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு வெளியில் தேன் தடவுகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டாள். அவன் உண்மையாகவே அவள் நடக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறான். அதனால் அது நல்லதாகிவிடுமா? கோலமாவுக் கோட்டில் கண்ணீர் வர நடந்ததெல்லாம் அவனுக்காக நடந்தது. கேள்வித்தாள் கையில் இருந்தது, பதில் எல்லாம் தெரியும், ஆனால் அது எந்தப் பரீட்சைக்கான தாள் என்று பார்க்கவில்லை. எத்தனை பிள்ளைகள் அவளிடம் அழுதிருக்கிறார்கள், மேடம் வேற பேப்பருக்குப் படிச்சுட்டு வந்துட்டேன் மேடம் என்று. போய் உக்காரு, தெரிஞ்சதை எழுது என்று சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஏன் சொல்லவில்லை? கேட்டால், ரிசல்ட் வரட்டும்னு பாத்தேங்கம்மா, ஆசை காட்டிட்டு இல்லைன்னு ஆயிட்டா, என்பான், அது பொய்யாகவும் இருக்காது. ராமநாதபுரம் வீட்டுக்கு என்ன வழி? காலி மனைக்காரன் கேட்டோரம் நின்று பேசினானே. அதைத் தெய்வானை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். ஒரு வேளை அதுவும் இல்லையோ. ஒரு வேளை காலி மனைக்காரன் சாக்கடை பற்றித்தான் பேசினானோ. தெரியாது. தெரிந்துகொள்ள நேரமில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: நடந்தால் போக வேண்டும். நடக்காவிட்டால் இருக்கலாம்.

"நாகரத்தினம் ஆன்ட்டி, வாங்க."

உள்ளே நாற்காலி இருந்தது. மஞ்சள் கோடு இருந்தது, அவள் கோலமாவில் போட்டதை விடக் கொஞ்சம் அகலம். செழியன் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றான், போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடைக்குக் கீழே நிற்கிற அப்பா மாதிரி. பெனாசிர் கடிகாரத்தை எடுத்தாள். "நான் சொன்னதும் எந்திரிச்சுக் கோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து உக்காருங்க ஆன்ட்டி, அவசரமே இல்லை." நடக்கத் தெரிந்தவள் நடக்கத் தெரியாதவள் போல நடப்பது எப்படி? உடம்பு கேட்காது, தயாராக இருக்கிறது, தொடை தானே முன்னால் தள்ளுகிறது, இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா. மானம் வேறு. இரண்டு பேர் பார்க்கும்போது தெரிந்த பதிலை எழுதாமல் விடுவதற்கு அவள் பழகவில்லை, வாழ்க்கையில் ஒரு தாளிலும் ஒரு கேள்வியையும் விட்டதில்லை. மில் லைனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முதல் நாள் கல்லூரிக்குப் போனாள், புடவைக் கொசுவம் தடுக்கிவிடுமோ என்று பயந்துகொண்டே, ஆனால் நிமிர்ந்து. இப்போது குனிய வேண்டும். எப்படிக் குனிவது? "ஸ்டார்ட்." அவளுக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. சுவரைத் தேடுகிற கை. இழுபடுகிற இடது கால். காப்பி அடித்தாள். கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு தடவை எழுந்து மறுபடி உட்கார்ந்து, இரண்டாம் தடவை எழுந்தாள். காற்றில் கையை நீட்டினாள். சரக் என்று காலை இழுத்தாள். புது ஷூவின் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொண்டு இழுக்க விடவில்லை, அதனால் நிஜமாகவே ஒரு கணம் தடுமாறினாள். செழியன் சுவரை விட்டு வந்துவிட்டான். "கிட்ட வராதீங்க சார்" என்றாள் பெனாசிர். கோட்டைத் தொட்டுத் திரும்பி, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, நாற்காலிக்கு வந்து விழுந்தாற்போல் உட்கார்ந்தாள்.

பெனாசிர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். "போன வாரம் இந்தக் காலை நல்லாத் தூக்கி வெச்சீங்களே ஆன்ட்டி."

"அப்ப நல்லா இருந்துச்சு கண்ணு."

"இன்னொரு தடவை நடக்கறீங்களா?"

"முடியாது."

"வலிக்குதுங்களா?"

நாகரத்தினம் யோசித்தாள். "ஆமா" என்றாள். பெனாசிர் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள், பிறகு எழுதினாள். நடிப்பு என்று தெரிந்துகொண்டாள். சொல்லமாட்டாள் போலிருக்கிறது. ஏன் சொல்லமாட்டாள்? அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கலாம், மாமியார் இருக்கலாம், அல்லது வெளியே நான்கு பேர் காத்திருப்பதால் இருக்கலாம். செழியன் குனிந்து ஷூவின் பட்டையைத் தளர்த்திவிட்டான். அவன் உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். "பரவால்லைங்கம்மா" என்றான். போனை எடுத்தான், இந்தத் தடவை வெளியே போகவில்லை. "இல்லைங்க. அம்மாவுக்கு ஆகாதுங்க. ஆமாங்க, டெஸ்ட் முடிஞ்சுது. அந்த வீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க." வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஒரு இடம் பாத்திருந்தேங்கம்மா. சொல்லலாம்னு இருந்தேன். ராத்திரி போன் அடிச்சா எடுக்கறதுக்கு முன்னாடியே ஊருக்கு டிக்கெட் தேடறேங்கம்மா, நீங்க விழுந்த அன்னைக்கு இருந்து. சரி விடுங்க. வீட்லயே இருங்க. ஆனா மாடி வேண்டாம், கட்டிலைக் கீழ போட்டுக்கலாம். பாத்துக்க ஒரு அம்மாவைப் பகலும் ராத்திரியும் கூடவே தங்க வெச்சுர்றேன்."

வீட்லயே இருங்க. ஜெயித்தாகிவிட்டது. அவன் குரலில் இருந்தது வருத்தமா, வேறு ஏதாவதா என்று அவள் தேடினாள், பழக்கம். வருத்தம் மாதிரித்தான் இருந்தது. அவன் அப்பாவுடைய குரல்தான் அவனுக்கும். பகலும் ராத்திரியும் கூடவே ஒரு அம்மா. அந்த அம்மா தினமும் பூனாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுவாள், இன்னைக்கு எத்தன தரம் எந்திரிச்சாங்க, எங்க போனாங்க. நடந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் மலையடிவாரம். எத்தனை நாளைக்கு இப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதம். அவன் அந்த இடத்தை மறந்துவிட்டால் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிற மாதிரி காட்டலாம், முதலில் கைத்தடி, பிறகு சுவர், பிறகு படி. அதற்கும் ஒரு திட்டம் போட்டுக்கொள்ளலாம், திட்டம் போட அவளுக்குத் தெரியும். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் சக்கர நாற்காலி கொண்டுவந்தான். வேண்டாம், நானே வர்றேன் என்று வாய்வரை வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் பெரியவர் அவளைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், சாத்துக்குடியின் கொட்டையை உள்ளங்கையில் துப்பினார். "மெதுவா உக்காருங்கம்மா" என்றான் செழியன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். காலை எடுத்துப் பலகையில் வைக்கப் போனவள், ஞாபகம் வந்து, அவன் எடுத்து வைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம், 2020 பிப்ரவரி 12, புதன்கிழமை, அதே அறையில் நாகரத்தினத்துக்கு மறுபரிசோதனை நடந்தது. இந்தத் தடவை அவள் நிஜமாகவே எழப் பார்த்தாள், நாற்காலியிலிருந்து அவளை எழுப்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.